ஊருக்கு ஓர் அறக்கட்டளை – 7: பத்திரத்தில் இருந்த வரியும் இல்லாத வரியும்

அறக்கட்டளை, சங்கம், பிரிவு 8 கம்பெனி மூன்றில் எது யாருக்குப் பொருந்தும் என்று போன வாரம் பார்த்தோம். சங்கம் என்றால் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும். அறக்கட்டளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் ஊர்ப்பக்கம் பலரும் அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்திரத்தில் அவசரப்படுவதும் அதனால்தான்.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்குப் பத்திரம் எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தர் கடை. முன்பு யாருக்கோ அடித்துக் கொடுத்த டிரஸ்ட் பத்திரம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. பெயர், முகவரி, அறங்காவலர் விவரம் ஆகியவற்றை மட்டும் மாற்றி எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு பக்கம். அவரவர் பெயரும் இனிஷியலும் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

பான் கார்டு வந்தது. வருமானவரித் தளத்தில் விண்ணப்பித்ததும் மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவும் கிடைத்தது. பலர் இதையே முழு வரிவிலக்கு என்று நம்பி ஓய்ந்துவிடுகிறார்கள். உண்மையான பரிசீலனை இதற்குப் பிறகுதான். பணிகளைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதமாவது மீதம் இருக்கும்போதே, இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில்தான் பத்திரத்தை வரிவரியாகப் படிப்பார்கள்.

எங்களுடையதையும் படித்தார்கள். கேள்விகள் வந்தன. அறக்கட்டளை கலைந்தால் அதன் சொத்து எங்கே போகும்? இதே நோக்கமுள்ள இன்னோர் அறக்கட்டளைக்குத்தான் போகும், அறங்காவலர்கள் பிரித்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் பத்திரத்தில் அந்த வரியே இல்லை.

அடுத்த கேள்விதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. நோக்கங்களில் நான்காவதாக, “எமது சமுதாய ஏழை மாணவர்களுக்கு” என்று இருந்தது. அந்தப் பழைய பத்திரத்திலிருந்து வந்த வரி. எங்கள் மையத்தில் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பத்திரமோ வேறு மாதிரி பேசியது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதச் சமூகத்துக்கோ மட்டும் என்று தொடங்கும் அறநிறுவனத்துக்கு வருமானத்தில் விலக்குக் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கானவற்றுக்கு இந்தத் தடை இல்லை. இது நல்ல சட்டம் என்பதே என் எண்ணம். வரியை விட்டுக்கொடுப்பது எல்லாருடைய பணத்திலிருந்து அல்லவா?

நோக்கத்தை நினைத்தபோது மாற்றவும் முடியாது. திருத்தும் அதிகாரம் அறங்காவலர்களுக்கு உண்டு என்று பத்திரத்திலேயே இருந்தால் துணைப் பத்திரம் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். நல்லவேளையாக அந்த வரி எங்களிடம் இருந்தது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவிட்டால் அறக்கட்டளைக்கு வரி இல்லை. தனியாக 80ஜி அனுமதியும் வாங்கினால், நன்கொடை தருபவர் பொதுவாக அதில் பாதியைத் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. இதை நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்தால் 2026 ஏப்ரல் 1 முதல் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டர்களிடம் பழைய எண்ணைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

துணைப் பத்திரத்தை நாங்கள் கடையில் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மையத்திலேயே உட்கார்ந்தோம். அறங்காவலர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சத்தமாக வாசித்தார், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, “இது நாம் செய்கிற வேலைதானே?” என்று கேட்டுக் கேட்டு. மதியச் சாப்பாடு தாண்டி நாலு மணி ஆயிற்று. பதிவு ஆணை கைக்கு வந்த பிறகுதான் ரசீதுப் புத்தகம் அடிக்கக் கொடுத்தோம். அந்த ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.