தளபாடம் இல்லாத வீடு

ஆம்ஸ்டர்டாம் நகரில், பிரின்சன்கிராக்ட் கால்வாயோரம் 263ஆம் இலக்கத்தில் ஆன் ஃபிராங்க் இல்லம் இருக்கிறது. நெதர்லாந்தில் வசிக்கும் சின்ன மாமாவிடம் போயிருந்த விடுமுறையில் அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதனால் இக்கட்டுரையோடு படம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரு வியாபார நிலையம்தான். ஆனின் தந்தை ஓட்டோ ஃபிராங்கின் நிறுவனம் ஜாம் செய்யத் தேவையான பெக்டினையும் வாசனைத் திரவியங்களையும் அங்கிருந்து விற்றது. கீழே களஞ்சியம், மேலே அலுவலகம். அந்நகரின் பழைய கால்வாயோர வீடுகள் பலவற்றுக்கு முன்வீடு, பின்வீடு என இரு பகுதிகள் உண்டு. பின்வீடு தெருவுக்குத் தெரியாது.

ஜேர்மனியர் கைப்பற்றிய நெதர்லாந்தில் யூதர்களை முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கிய காலம் அது. அக்கா மார்கொட்டுக்கு அழைப்பாணை வந்த மறுநாள், 1942 ஜூலை 6இல், குடும்பம் அந்தப் பின்வீட்டில் ஒளிந்துகொண்டது. பின்னர் வேறு நால்வரும் சேர்ந்தார்கள். வழியை மறைக்க, கோப்புகள் அடுக்கிய புத்தக அலுமாரியொன்றைக் கதவுபோலத் திறக்கும்படி செய்து வைத்தார்கள். அந்த அலுமாரி இன்றும் அங்கேயே நிற்கிறது. அதைத் தாண்டினால் செங்குத்தான ஒடுங்கிய படிகள்.

பகலில் கீழே வேலையாட்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கேட்டுவிடும் என்று மேலே சப்பாத்துப் போடாமல் நடந்தார்கள், தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் இருந்தார்கள். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் பேசாமல் இருப்பதே எங்களுக்குப் பெரும்பாடு. அவர்கள் இருந்ததோ இரண்டு வருடங்களுக்கும் மேல்.

1944 ஓகஸ்ட் 4இல் அனைவரும் பிடிபட்டனர். தளபாடங்களும் அள்ளிச் செல்லப்பட்டன. எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டுமே. 1960இல் இல்லம் அருங்காட்சியகமானபோது, அறைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்றார் அவர். முன்பு அறைகள் எப்படி இருந்தன என்பதைக் காட்டச் சிறிய மாதிரிகள் மாத்திரம் உண்டு.

"வெறும் ரூமப் பாக்கவா மகள் இவ்வளவு சல்லி?" என்று வெளியே வந்ததும் வாப்பா கேட்டார். ஓட்டோ செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது. கட்டிலும் மேசையும் இருந்தால் நாம் அவற்றையே பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஒன்றுமில்லாதபோது கண் சுவருக்குப் போகிறது. ஆன் ஒட்டிய சினிமா நட்சத்திரங்களின் படங்கள் அங்கே இருக்கின்றன. வேறொரு சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். எங்கள் வீட்டுக் கதவு நிலையிலும் உம்மா அப்படிக் கீறி வைத்திருக்கிறார். வெளியே ஒரு நாளும் இறங்காத ஆன், அந்த வீட்டுக்குள்ளேயே 13 சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறாள்.

அவள் பேர்கன் பெல்சன் முகாமில் 1945இல் இறந்தாள். வயது 15. அவளுடைய தாள்களை அலுவலக ஊழியர்களான மீப் கீஸும் பெப் வொஸ்கயிலும் பத்திரப்படுத்தியதால்தான் 1947இல் நாட்குறிப்பு நூலானது. பலருக்குத் தெரியாத ஒன்று: 1944 வசந்த காலத்திலிருந்து அவள் அந்த நாட்குறிப்பை ஒரு நூலாக்கும் எண்ணத்தோடு மீண்டும் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய பகுதிகளை வெட்டி, புதியவற்றைச் சேர்த்து, 200க்கும் மேற்பட்ட தனித் தாள்களை நிரப்பியிருந்தாள். பிடிபட்ட நாளில் அந்த வேலை முடிந்திருக்கவில்லை.