வீடியோ வேலைக்குக் கம்ப்யூட்டர்: குறைந்த முதலில் வாங்குவது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கு வணிகர்களுக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. போடியில் ஏலக்காய் ஏலம் 2007-லேயே மின்னணு முறைக்கு மாறிவிட்டது. பில் போடுவதும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வதும் இன்று கம்ப்யூட்டரில்தான். இப்போது அதனுடன் வீடியோ விளம்பரமும் சேர்ந்திருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையின் கொத்தையோ, பண்டிகைக்கு வந்திறங்கிய புதுச் சரக்கையோ ஒரு நிமிடப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வெளியூர் வாடிக்கையாளர் தன் இடத்தில் இருந்தபடியே பார்த்துவிடுகிறார். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018-இல் தொடங்கி 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியதை நாம் அறிவோம். கிராமத்தில் எடுத்த படமும் ஊர் கடந்து போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கென்று கம்ப்யூட்டர் வாங்கப் போகும் வணிகரிடம், வண்ண விளக்கு எரியும் 'கேமிங்' மாடலைக் காட்டி ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்வதுண்டு. அது வியாபாரத்தில் புரள வேண்டிய பணம். ஆகவே எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போட வேண்டாம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

கம்ப்யூட்டர் தேவையா?

வாரத்துக்கு ஒன்றிரண்டு சிறு படங்கள், அதில் விலையும் கடைப் பெயரும் எழுத்தாக வந்தால் போதும் என்றால் கையில் உள்ள செல்போனே போதும். பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட படங்கள், இரண்டு மூன்று கேமராவில் எடுத்த திறப்பு விழா, உள்ளூர் கேபிள் டி.வி.க்கு விளம்பரம் என்று வேலை பெருகும்போதுதான் கம்ப்யூட்டர் அவசியமாகிறது.

மூன்று உறுப்புகள்

கம்ப்யூட்டரை நம் கடையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பிராசஸர் என்பது பொட்டலம் கட்டும் கடையாள். ராம் என்னும் மெமரி அவர் முன்னால் உள்ள மேசை. எஸ்.எஸ்.டி. அல்லது ஹார்ட் டிஸ்க் என்பது பின்னால் உள்ள கிட்டங்கி. ஆள் எவ்வளவு சுறுசுறுப்பானாலும் மேசை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் கிட்டங்கிக்கு ஓட வேண்டியிருக்கும். வீடியோ வேலையில் கம்ப்யூட்டர் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே முதல் பணம் மெமரிக்கு. 8 ஜி.பி. பில் போடப் போதும். வீடியோவுக்கு 16 ஜி.பி. வைப்பதே நல்லது. ஒரே 16 ஜி.பி. துண்டைவிட இரண்டு 8 ஜி.பி. துண்டுகள் வேகம் தரும். அடுத்தது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. அளவுக்குப் படிக்கும். என்.வி.எம்.இ. வகை அதைப் போலப் பல மடங்கு. செல்போனில் 4கே தரத்தில் எடுக்கும் படம் நிமிடத்துக்கு 170 முதல் 350 எம்.பி. வரை பிடிக்கும். எனவே வேலை நடக்கும் படத்தை எஸ்.எஸ்.டி.யிலும், முடிந்த படத்தை விலை மலிவான ஹார்ட் டிஸ்கிலும் வைப்பதே சிக்கனம்.

'எஃப்' என்ற ஓர் எழுத்து

இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் படத்தை விரித்துக் காட்டும் 'குயிக் சிங்க்' என்ற வசதி 2011 முதல் உள்ளேயே அமைந்து வருகிறது. ஆனால் 12400எஃப் என்பது போல எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை சற்றுக் குறையும். ஆனால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீர வேண்டும். ஏ.எம்.டி.யிலும் ரைசன் 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு. கொட்டேஷனில் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காவிட்டால் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகச் செலவழிக்க நேரிடும்.

புதிய செல்போன்கள் பல எச்.265 என்ற முறையில் படத்தைச் சுருக்கிச் சேமிக்கின்றன. இடம் மிச்சம், ஆனால் கம்ப்யூட்டருக்குச் சுமை. போன் அமைப்பில் எச்.264-க்கு மாற்றிக்கொண்டு, 4கே-க்குப் பதில் 1080 தரத்தில் எடுத்தால் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே வேலை ஓடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மென்பொருள்

ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம். ஷாட்கட்டுக்கு எச்.டி. படத்துக்கு 8 ஜி.பி., 4கே-க்கு 16 ஜி.பி. மெமரி என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். டாவின்சி ரிசால்வ் என்ற சினிமாத் தர மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அது கிராபிக்ஸ் கார்டைப் பெரிதும் நம்பியிருப்பது. அதில் வேலை செய்யத் தெரிந்த ஆள் கடையில் இருந்தால் மட்டுமே கார்டுக்குப் பணம் போடுங்கள். திருட்டு மென்பொருள் வழியே வைரஸ் நுழைந்தால் கடைக் கணக்கும் சேர்ந்து போகும்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு நிபந்தனையுடன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பவை, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ரைசனில் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும்தான். வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கும் கம்ப்யூட்டரில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

பில்லும் வரியும்

கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. முறையான பதிவில் உள்ளவர்கள் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்கினால், கடை உபயோகத்துக்கான அந்த வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்த வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கோர முடியாது, இரண்டில் ஒன்றுதான். காம்போசிஷனில் உள்ளவர்களுக்கு இன்புட் கிடையாது என்பதால், 18 விழுக்காட்டையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.

2025-இன் பிற்பகுதியில் மெமரி விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. எனவே பழைய விலைப்பட்டியலை நம்பாமல், உறுப்பு வாரியாக விலை எழுதிய அன்றைய கொட்டேஷனை இரண்டு மூன்று இடங்களில் வாங்கி ஒப்பிடுங்கள். மதுரையில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். பழுது வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூக்கிச் செல்லும் செலவையும், கடை அடைக்கும் நாளையும் அதில் கழித்துப் பாருங்கள். மின்தடையில் பாதி வேலை போகாமலிருக்க ஒரு யு.பி.எஸ்.ஸுக்கும் தொகை ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. மிளகாய் வற்றலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் மூட்டையை எடை போட மாட்டோம். அதுபோல, உங்கள் போனில் எடுத்த படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய், வாங்கப் போகும் கம்ப்யூட்டரிலேயே ஷாட்கட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் தங்கு தடையின்றி ஓட வேண்டும். ஓடினால் பணத்தைக் கொடுங்கள். திணறினால், விற்பவர் என்ன சொன்னாலும் அடுத்த கடையைப் பாருங்கள்.