எஃகின் உட்பகை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்தில், ஐப்பசி அடைமழையின்போது உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு நீர்த்துப் போயிருக்கும். காவிரிக்குத் தெற்கே, திருச்சி திருவெறும்பூரில் 1965 முதல் கொதிகலன் செய்துவரும் பெல் தொழிற்சாலையில் அதே ஈரம் எஃகை உடைக்கவல்ல பகை என்றால் வியப்பீர்கள்.

வெல்டிங் ராடின் மேற்பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பற்றவைக்கும் வெம்மையில் அந்நீர் பிளந்து, ஹைட்ரஜன் உருகிய எஃகில் கரைந்துவிடும். எஃகு இறுகுகையில் வெளியேற வழியின்றி உள்ளேயே அகப்படும். அன்று பார்த்தால் இணைப்பு பழுதற்றிருக்கும். இரண்டு நாள் கழித்து விரிசல் காணும். உயரழுத்த நீராவியை அடக்கும் கலத்தில் அத்தகைய விரிசல், அருகில் நிற்போர் உயிருக்கே உலை வைத்துவிடும். ஆகவேதான் ராடுகளை ஏறத்தாழ 350 டிகிரி சூட்டில் உலர்த்துவதும், தடித்த எஃகை 48 மணி நேரம் பொறுத்துச் சோதிப்பதும். வளைகுடாவில் வெல்டராய் இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டாயின் கேட்டுப் பாருங்கள்; ராடு அடுப்பை மறந்ததற்குப் போர்மேனிடம் பட்ட ஏச்சையும் சேர்த்துச் சொல்வார்!

அமிலத்தில் தோய்த்த இரும்புக் கம்பி எளிதில் முறிவதை டபிள்யூ. எச். ஜான்சன் என்பவர் 1875-இலேயே எடுத்துரைத்தார்.

அடுப்பில் உலர்த்தி இப்பகையை வெளியே நிறுத்தலாம். ஆனால், சூரியனில் நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்த முயலும் உலைகளில் அதற்கு வழியில்லை. தென் பிரான்சின் கதராஷில் எழுந்துவரும் ஐட்டர் உலையில் இந்தியா 2005-இல் பங்கேற்றது. அதன் எரிபொருளே ஹைட்ரஜனின் உடன்பிறப்புகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும்தாம். போதாக்குறைக்கு, இணைவில் சீறிப் பாயும் நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை மாற்றி, அதனுள்ளேயே ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் பிறப்பிக்கின்றன. வாசலில் காவல் வைத்து என்ன பயன்?

இத்தகைய உலைக்கென, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட நம் நாட்டு நிறுவனங்கள் 9 விழுக்காடு குரோமியமும் 1.4 விழுக்காடு டங்ஸ்டனும் சிறிது டான்டலமும் கலந்த எஃகை உருவாக்கியுள்ளன. மாலிப்டினம், நியோபியம் ஆகியவற்றை விலக்கியதால் இதில் உண்டாகும் கதிரியக்கம் விரைவில் தணியும். ஹைட்ரஜன் தொல்லை அதனால் தீர்ந்தபாடில்லை. உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகினூடே ஓடி வெளியேறிவிடும். உலை குளிரும் வேளையே அஞ்சத்தக்கது. வெளியேறினாலோ வேறு வினை! டிரிட்டியம் கதிரியக்கமுடையது, கிடைத்தற்கரியதும்கூட. அது சுவர் வழியே கசியாதிருக்க அலுமினிய ஆக்சைடுப் பூச்சு ஆராயப்படுகிறது.

இவ்வெஃகின் நெருங்கிய உறவினர் திருவெறும்பூருக்குப் புதியவரல்லர். கொதிகலனுக்கான 9 விழுக்காடு குரோமிய எஃகுக் குழாய்களை இணைக்குமுன் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள், ஹைட்ரஜன் வெளியேற அவகாசம் கிடைக்கட்டும் என்று.