போர் வீட்டுக்குள் வரும்போது

போர் முடிந்ததும் இராணுவத்தினர் வீடு திரும்பிவிடுவர். ஆனால் களத்தில் பட்டவை அவர்களை விட்டு இலகுவில் அகல்வதில்லை. நித்திரையின்மை, திடீர்க் கோபம், மதுப்பழக்கம், நாட்கணக்கான மௌனம் என அவை வெளிப்படும். இவற்றை முதலில் தாங்குவோர் மனைவியும் பிள்ளைகளுமே. நாம் வந்து குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவும் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

வியட்நாம் போரில் சுமார் 60,000 அவுஸ்திரேலியர் பணியாற்றினர். 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திரும்பியோர் பலரின் மனத்துயருக்கு அப்போது பெயர்கூட இருக்கவில்லை. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதனைத் தனியொரு நோயாக ஏற்றது. எமது பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமிழில் அதற்கு 'மனவடு' என்ற சொல்லைக் கையாண்டார்.

முன்னாள் வீரர்கள் விடாது குரல் எழுப்பியதன் பயனாக, 1982இல் அவர்களுக்கென உளவளத்துணைச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. காலப்போக்கில் அது ஏனைய படையினருக்கும் விரிந்தது. 2018 முதல் 'ஓப்பன் ஆர்ம்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. முழுநேரப் படைப்பணியில் ஒரு நாள் இருந்தவருக்கும் அங்கு இடமுண்டு. கட்டணம் இல்லை, 1800 011 046 என்ற இலக்கத்தில் இரவும் பகலும் பேசலாம். முக்கியமானது இதுவே: கணவர் வர மறுத்தாலும் மனைவி தானாகவே உதவி கேட்கலாம்.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்பதற்கில்லை. படையினரின் தற்கொலைகளை 2021 முதல் ஆராய்ந்த அரச ஆணைக்குழு, 2024இல் 122 பரிந்துரைகளை முன்வைத்தது. கதவு திறந்திருந்தாலும், தட்டுவதற்கு வெட்கமும் பயமும் தடையாகின்றன.

இந்தத் தடையை நாம் நன்கறிவோம். ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிவந்த எம் வீடுகளிலும் இதே நித்திரையின்மையும் மௌனமும் உண்டு. "விசர் என்று சொல்லிவிடுவார்கள்" என்று அஞ்சி அடக்கிக்கொள்கிறோம். ஆனால் எமக்கும் கதவுகள் உள்ளன. போரினாலும் சித்திரவதையினாலும் பாதிக்கப்பட்ட அகதிகளுக்காக விக்டோரியாவில் 1987இல் 'பவுண்டேசன் ஹவுஸ்', நியூ சவுத் வேல்ஸில் 1988இல் 'ஸ்டார்ட்ஸ்' ஆகியவை தொடங்கப்பட்டன. ஏனைய மாநிலங்களிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு. அங்கு சொல்பவை இரகசியமாகவே பேணப்படும்; உயிராபத்து நேரும் நிலை போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டுமே விதிவிலக்கு.

ஆங்கிலம் போதாதென்று தயங்க வேண்டாம். 131 450 என்ற இலக்கத்தினூடாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றோரின் துயரத்தை அவர்கள் வாயால் சொல்லவைப்பது அவர்கள்மீது இன்னொரு சுமை.

காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போக நாம் கூச்சப்படுவதில்லை. மனவடுவுக்கும் அவ்வாறே போவோம். வீட்டில் ஒருவர் முதலில் போனால், மற்றவர்களும் பின்தொடர்வார்கள்.