அறுபது நாளுக்கு ஒரு கணக்கு

விருதுநகர் சந்தையில் துவரம்பருப்பும் வத்தலும் நல்லெண்ணெயும் என்ன விலைக்குப் போகின்றன என்பது வாராவாரம் பத்திரிகையில் வரும். சிவகாசிப் பக்கம் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு, அன்றைக்கு எத்தனை குரோஸ் முடித்தோம் என்பது வீடு திரும்பும் முன்பே தெரியும். கணக்கில் கெட்டியான ஊர்கள். ஆனாலும் இங்குள்ள வீடுகளில் ஒரு சரக்கு மட்டும் விலை கேட்காமலே செலவாகிறது. அது கரண்ட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எழுதிய பிறகுதான், “இவ்வளவா?” என்ற கேள்வி எழும். அதற்குள் ஓடியது ஓடி முடிந்திருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் வில்லெட் கெம்ப்டன் இதை மளிகைக் கடையோடு ஒப்பிட்டார். எந்தச் சாமானிலும் விலை எழுதாத கடையில் மாதம் முழுக்க வாங்குகிறோம். கடைசியில் மொத்தத் தொகை மட்டும் வருகிறது. எதைக் குறைத்தால் பணம் மிஞ்சும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விலை தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில், ஒரே அமைப்பில் கட்டிய 29 வீடுகளைக் கிளைவ் செலிக்மனும் ஜான் டார்லியும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய மின்செலவை ஏறக்குறைய தினமும் தெரிவித்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட 10.5 சதவீதம் குறைவாகச் செலவழித்தார்கள். 1977ல் வெளியான ஆய்வு இது. புது இயந்திரமோ பரிசுப் பணமோ கிடையாது, வெறும் எண்தான்.

அக்கம்பக்க வீடுகளின் சராசரி மின்செலவையும் சேர்த்துச் சொன்னால்? கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் சுமார் 290 வீடுகளில் அதைப் பார்த்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் சிக்கனமாக இருந்தவர்கள், ‘நாம்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறோமோ’ என்பதுபோல் செலவைக் கூட்டினார்கள்! குறைவாகச் செலவழித்தவரின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் அந்தக் கோளாறு நின்றது.

நம் நாட்டிலும் பலன் தெரிந்திருக்கிறது. டெல்லி வட்டாரக் குடியிருப்பு ஒன்றில் அனந்த் சுதர்சன் செய்த ஆய்வில், அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்ட வாராந்தரச் சீட்டு மட்டும் பெற்ற வீடுகளில் கோடைகால மின்செலவு 7 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், குறைத்தால் பணம் என்றும் சேர்த்துச் சொன்ன வீடுகளில் அந்தச் சேமிப்பு மறைந்துபோனது.

தமிழ்நாட்டில் எண்ணை அறிவதற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை போய் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! பிறகு விலைகள் மாறியிருக்கின்றன. ஆனால் படியின் விளிம்பில் நிற்கிறோம் என்பது ஐம்பதாவது நாளில் தெரிந்தவருக்குத்தான் மிச்சம். அறுபதாவது நாளில் தெரிந்து பயனில்லை.

இதற்கு ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போது இருக்கும் மீட்டரிலேயே ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் 3200 என்று போட்டிருந்தால், 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய 75 வாட் மின்விசிறியை மட்டும் போடுங்கள். நிமிடத்துக்கு நாலு மினுக்கு. அதை நிறுத்திவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். சூடேறும்போது நிமிடத்துக்கு 53. எது தின்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

ஆனால் நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அந்த மின்விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 54 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி என்றால் 22க்கும் குறைவு. யாரும் பார்க்காத நேரத்திலும் 10 வாட் இழுக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் தன் பங்குக்கு 14 யூனிட்டைக் கூட்டிவிடும். இஸ்திரிப் பெட்டியோ நாளுக்குப் பத்து நிமிடம் சூடேறினாலும் 10 யூனிட்தான். சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவைதான் பில்லை ஏற்றுகின்றன.

சிவகாசியில் அச்சடித்த மாதக் காலண்டர் எப்படியும் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். பால் கணக்கையும் சிலிண்டர் வந்த தேதியையும் குறிக்கும் அதே கட்டத்தில், இன்று ராத்திரி மீட்டர் எண்ணையும் எழுதுங்கள். நாளை ராத்திரி மறுபடி எழுதி, இரண்டையும் கழித்துப் பாருங்கள். எட்டு என்று வந்தால் நீங்கள் போகிற பாதை 480 யூனிட். ஒன்பது என்று வந்தால் 540. படியைத் தாண்டப் போகிறீர்கள் என்று அர்த்தம். குறைக்க இன்னும் நாள் இருக்கிறது.