சார்ள்ஸ் சோர்லியைத் தேடி: ஒரு கப்டனும் அவர் குடும்பமும்

சென்ற முறை உரைக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில் ஒரு நண்பர் கேட்டார்: "முதலாம் உலகப் போரில் இறந்துபோன ஒருவருடைய வாழ்க்கையை நூறு வருடங்கள் கழித்து எப்படித் தேடி எடுப்பது?" அதற்கு ஓர் உதாரணத்தோடு பதில் சொல்வதுதான் இன்றைய உரை. உதாரணமாக நான் எடுத்துக்கொண்டவர் ஸ்கொட்லாந்தில் பிறந்த கவிஞர் சார்ள்ஸ் ஹமில்டன் சோர்லி. இந்தத் தேடலில் எனக்கு ஒரு சங்கடமும் ஏற்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவர் யாரென்று பார்த்துவிடுவோம். சோர்லி 1895 மே 19ஆம் திகதி அபர்டீனில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். தகப்பனார் டபிள்யூ.ஆர். சோர்லி, அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். 1900இல் அவருக்குக் கேம்பிரிட்ஜில் பதவி கிடைத்ததும் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. மகன் மார்ல்பரோ கல்லூரியில் படித்தார். ஒக்ஸ்போர்ட் போவதற்கு முன் சில மாதங்கள் ஜேர்மனியில் கழிக்கப் போனார். அங்கே யேனா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்த நாட்டையும் மக்களையும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1914 ஓகஸ்டில் போர் வெடித்தபோது அவர் அங்கேதான் நடைப்பயணத்தில் இருந்தார். ட்ரியர் நகரில் பிடித்துச் சிறிது நேரம் அடைத்து வைத்துவிட்டு, விடுவித்தார்கள். ஊர் திரும்பியதும் இராணுவத்தில் சேர்ந்தார். 1915 மே மாதக் கடைசியில் பிரான்ஸ் போனார். ஓகஸ்டில் கப்டன் ஆனார். ஒக்டோபர் 13ஆம் திகதி, லூஸ் சண்டையில், உலூக் என்ற ஊருக்கு அருகே சினைப்பர் ஒருவரின் குண்டு தலையில் பட்டு இறந்தார். வயது இருபது.

இனித் தேடலுக்கு வருவோம். எல்லோரும் தொடங்குகிற இடம் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத்தளம். காசு கட்டத் தேவையில்லை. பெயரைக் கொடுத்தால் பதவி, படைப்பிரிவு, இறந்த திகதி, கல்லறை எங்கே என்பதெல்லாம் வரும். பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் இருக்கும். சோர்லிக்குக் கல்லறை எண் கிடையாது. லூஸ் நினைவுச்சுவரில் அவருடைய பெயர் இருக்கிறது. அடையாளம் தெரிந்த கல்லறை இல்லாதவர்களுக்கான சுவர் அது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன.

இங்கே நான் ஒரு பிழை விட்டேன். அபர்டீன்காரர்தானே என்று கோர்டன் ஹைலண்டர்ஸ் போன்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவுகளின் பட்டியல்களில் நாள்கணக்காகத் தேடினேன். அவரோ இங்கிலாந்தின் சஃபோக் ரெஜிமென்டில், 7ஆவது பட்டாலியனில் இருந்தவர். அந்தக் காலத்தில் ஓர் அதிகாரி தன் சொந்த ஊர்ப் படையில்தான் சேர்வார் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே, தேடுகிறவர் ஊரை வைத்துப் படையை ஊகிக்கக் கூடாது.

அடுத்தது குடும்பம். ஸ்கொட்லாந்தின் பிறப்புப் பதிவு 1855இல் தொடங்கியது. இங்கிலாந்துப் பதிவில் இல்லாத இரண்டு விடயங்கள் அதில் உண்டு. ஒன்று, பிறந்த நேரம். இங்கிலாந்தில் இரட்டையர் என்றால்தான் நேரத்தை எழுதுவார்கள். ஸ்கொட்லாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதினார்கள். மற்றது, பெற்றோர் எங்கே, எந்தத் திகதியில் திருமணம் செய்தார்கள் என்ற குறிப்பு. பிள்ளையின் ஒரு தாள் கையில் இருந்தால் போதும், தாய் தகப்பனின் திருமணப் பதிவுக்குப் போய்விடலாம். அதிலிருந்து பாட்டன் பாட்டி பெயர்களுக்கும் போகலாம்.

மூன்றாவது இடம் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1940இல் ஜேர்மன் குண்டுவீச்சில் இராணுவ ஆவணக் கிடங்கு எரிந்து, முதலாம் போரில் இருந்த சாதாரணப் படையினரின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அதிகாரிகளின் பிரதான கோப்புகளும் எரிந்தன. ஆனால் அவர்களைப் பற்றிய கடிதப் போக்குவரத்துக் கோப்புகள் வேறிடத்தில் இருந்ததால் இரண்டு இலட்சத்துக்கும் மேல் தப்பின. இப்படியான கோப்புகளில் விண்ணப்பப் படிவம், மருத்துவ அறிக்கை, மகனின் பொருட்கள் எங்கே என்று கேட்டுப் பெற்றோர் எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடைப்பதுண்டு. பதக்க அட்டையையும் மறக்காமல் பாருங்கள். படையினருக்குப் பதக்கம் தானாகவே வந்தது. அதிகாரியின் பதக்கத்துக்கு அவரோ குடும்பமோ விண்ணப்பிக்க வேண்டும். அதனால் அட்டையில் குடும்பத்தின் முகவரி இருக்கலாம்.

அதே காப்பகத்தில் பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அன்றன்று நடந்ததை முன்னரங்கில் இருந்தபடியே எழுதிய குறிப்புகள். இழப்புகளை எழுதும் முறையைப் பார்த்தபோது எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. இறந்த அதிகாரிகளைப் பெயர் சொல்லி எழுதுவார்கள். மற்றவர்களை "ஏனைய தரத்தினர்" என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணை மட்டும் எழுதுவார்கள். வீட்டுக்குச் செய்தி போனதும் அப்படித்தான். அதிகாரியின் வீட்டுக்குத் தந்தி. சிப்பாயின் வீட்டுக்கு அச்சடித்த படிவம், தபாலில். சோர்லியை என்னால் தேட முடிகிறது என்றால், அவர் கப்டன், பேராசிரியரின் மகன் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஆனால் அவருடைய உண்மையான குரல் காப்பகத்தில் இல்லை, அவருடைய கடிதங்களில்தான் இருக்கிறது. 1915 ஏப்ரலில் ரூபர்ட் புரூக் இறந்து இங்கிலாந்து முழுவதும் அவரைக் கொண்டாடியபோது, புரூக்கின் போர்க் கவிதைகள் தன் தியாகத்தைத் தானே பெரிதாக்குகின்றன என்று தாய்க்கு எழுதினார் இந்த இளைஞர். ஜேர்மனியை நோக்கி எழுதிய கவிதையில், நாம் இரு பக்கமும் குருடர்கள் என்ற பொருளில் பேசுகிறார். அவருடைய கவிதைகள் 1916 ஜனவரியில் நூலாக வந்தன. கடிதங்களைப் பெற்றோரே தொகுத்து 1919இல் வெளியிட்டார்கள். ஆய்வு செய்கிறவர் இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்: நாம் வாசிப்பது துக்கத்தில் இருந்த ஒரு தாயும் தகப்பனும் தெரிந்தெடுத்த கடிதங்களை. அவர்கள் விட்டவை எவை என்று அந்த நூல் நமக்குச் சொல்லாது.

இப்போது அந்தச் சங்கடம். அவர் இறந்த பிறகு முன்னரங்கிலிருந்து வந்த பொருட்களுக்குள் ஒரு கவிதை இருந்தது. இன்று அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதை அதுதான். கனவில் இலட்சக்கணக்கான இறந்தவர்கள் வரும்போது அவர்களைப் புகழாதே, அழாதே என்கிறது அது. அந்தக் கூட்டத்தில் நீ நேசித்த ஒரு முகத்தைக் கண்டாலும் அது வெறும் ஆவிதான் என்கிறது.

நான் செய்ததோ அதற்கு நேர்மாறான வேலை. அத்தனை பேருக்குள் ஒரே ஒரு முகத்தைத் தேடினேன். அந்தக் கவிதையை முதலில் வாசித்த பெற்றோரும் அதையேதான் செய்தார்கள். புகழாதே என்று மகன் எழுதிய தாளையும் நூலில் சேர்த்து உலகத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. திகதி தெரியாத, உடல் கிடைக்காத இறப்புகள் நம்மில் பலருடைய வீடுகளிலும் உண்டு. ஒரு பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

ஆனாலும் அந்தக் கவிதை எனக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது. இப்போது ஓர் அதிகாரியைத் தேடி முடித்ததும், அதே நாளில் அதே பட்டாலியனில் இறந்த சாதாரணச் சிப்பாய் ஒருவரின் பெயரை எடுத்து அவருடைய குடும்பத்தையும் தேடுகிறேன். பெரும்பாலும் ஓர் இலக்கம், ஓர் ஊர், ஒரு தாயின் பெயர், அவ்வளவுதான் கிடைக்கும். அதையும் எழுதி வைக்கிறேன். நீங்களும் தேடத் தொடங்கினால் அந்த இரண்டாவது பெயரையும் தேடுங்கள்.