ஒர்க்-அவுட்டுக்குப் பிறகு ஜூஸ்... உதவியா, உபத்திரவமா?

லெக் டே முடிந்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போதுதான் தொடை வேலையைக் காட்டும். ஜிம்மில் சொன்னால், "லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு ப்ரோ, ஆன்டிஆக்ஸிடன்ட் ஜூஸ் குடிங்க"ன்னு உடனே வைத்தியம் வரும். இதில் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி, பாதி சரி.

ரத்தத்தில் ஏறிய லாக்டேட், பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் வலி வேறு கதை. டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்கும்போதும், சரிவில் இறங்கி ஓடும்போதும் தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை என்றால் நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகும். அதைச் சரிசெய்ய வெள்ளை அணுக்கள் வரும், வீக்கம் வரும், கூடவே ஃப்ரீ ராடிக்கல்களும் பெருகும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தைத் தொடும்.

இந்த இடத்தில்தான் ஜூஸ் வருகிறது. அதிகம் ஆராயப்பட்டது, மான்ட்மோரன்சி என்ற புளிப்புச் செர்ரி. (நம்ம ஊர் கேக் மேல இருக்குற 'செர்ரி' இல்லைங்க. அது பெரும்பாலும் சாயம் ஏற்றி, பாகில் ஊறிய களாக்காய்!) அமெரிக்காவில் 14 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. தினமும் இரண்டு வேளை, வேளைக்கு சுமார் 350 மி.லி, மொத்தம் 8 நாள்கள் செர்ரி ஜூஸ். இடையில் கைத்தசைக்குக் கடுமையான பயிற்சி. அடுத்த 4 நாள்களில் போலி பானம் குடித்தபோது தசை வலிமை சராசரியாக 22% குறைந்தது. செர்ரி குடித்தபோது 4%தான். 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வில், மாரத்தானுக்கு 5 நாள் முன்பிருந்தே குடித்தவர்களின் தசை வலிமை சீக்கிரம் திரும்பியது. அதிலும் 20 பேர்தான். சின்ன ஆய்வுகள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்போ தினமும் குடிக்கலாமா? அங்கேதான் சிக்கல். ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் வில்லன்கள் இல்லை. 'இன்னும் பலமாகணும்'னு தசைக்குத் தகவல் சொல்வதும் அவைதான். 2009-ல் மைக்கேல் ரிஸ்டோவின் குழு, 4 வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு தினமும் 1,000 மி.கி வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தது. மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. உடலின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் பாதுகாப்பும் கூடியது. மாத்திரை போட்டவர்களுக்கு அந்தப் பலன்கள் கிடைக்கவில்லை.

ஜூஸும் மாத்திரையும் ஒன்றல்ல. ஆனாலும், நான் சொல்வது இதுதான்: இன்னிக்கு ஒரு மேட்ச், நாளைக்கு ஒரு மேட்ச் என்று டோர்னமென்ட் இருந்தால், சில நாள் முன்பே ஜூஸைத் தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வலி வந்த பிறகு அவசரமாக வாங்குவதில் பெரிதாக இல்லை. சாதாரணப் பயிற்சி மாதங்களில் உடம்பு தானாகவே கற்றுக்கொள்ளட்டும். அப்போது ஒரு மாதுளையை உரித்துச் சாப்பிட்டால் போதும். நார்ச்சத்தும் கிடைக்கும், டம்ளர் டம்ளராகச் சர்க்கரையும் ஏறாது. அதிக டோஸ் வைட்டமின் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, கை காலைத் தூக்கவே முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண தசைவலி இல்லை. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தையே பாதிக்கும். ஜூஸ் கடையைத் தேடாமல், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.